ருத்திராட்சப் பூனையும் ரசீதும்

(தலைப்பு: செல்வத்தில் திளைக்கும் சமய குருமாரைக் கேலிச் சித்திரமாக வரைவது பக்திக்குக் கேடே! காவலே! – ‘காவலே’ அணியின் இரண்டாவது பேச்சு)

நடுவர் ஐயா அவர்களுக்கு வணக்கம். எதிரணியில் உட்கார்ந்துகொண்டு என்னையே முறைத்துப் பார்க்கிற நண்பர்களுக்கும் வணக்கம். துறைமுகத்திலும் தொழிற்சாலையிலும் பகல் ஷிப்ட் முடித்து, வீட்டுக்குப் போய் முகம் கழுவி, பிள்ளைகுட்டிகளைக் கூட்டிக்கொண்டு இந்தத் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ஒரு வார்த்தை சொன்னார்கள். “ஏழைக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சொத்து நம்பிக்கை. அதையும் கேலி பண்ணிப் பிடுங்கிவிடாதீர்கள்” என்றார்கள். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். ஏன் தட்டினேன்? அந்த வார்த்தையில் பாதி உண்மை இருக்கிறது. ஏழைக்கு நம்பிக்கை சொத்துதான். ஆனால் ஐயா, சொத்து என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு பூட்டு வேண்டாமா? வாசலில் ஒரு காவல் வேண்டாமா? அந்தச் சொத்துக்கு ஆபத்து யாரால் வருகிறது? படம் வரைகிறவனாலா, பணம் வாங்குகிறவனாலா? அதுதானே இன்றைக்கு வழக்கு? (கைதட்டல்)

இந்தக் கேலிச் சித்திரம் ஒரு பெரிய வியாபாரமாகவே நடந்த ஊர் லண்டன். 18-ஆம் நூற்றாண்டு. செப்புத் தகட்டில் கீறி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்து, மேலே கையால் வண்ணம் பூசி விற்பார்கள். கடைக்காரர்கள் புதுப் படம் வந்ததும் கண்ணாடி ஜன்னலில் ஒட்டிவிடுவார்கள். தெருவில் போகிறவன் எல்லாம் நின்று பார்ப்பான். நம்ம டீக்கடையில் ஒரு பேப்பரைப் பத்துப் பேர் படிக்கிறோமே, அந்த மாதிரி. வாங்குகிறவன் ஒருத்தன்; ஓசியில் பார்க்கிறவன் ஒரு கூட்டம்! (சிரிப்பு)

அந்த ஜன்னலில் அடிக்கடி வந்து நிற்கிற ஒரு ஆள் யார் தெரியுமா? கொழுத்த பாதிரியார். ஏன் அவரைப் பிடித்துக்கொண்டார்கள்? காரணம் இருக்கிறது. அந்த நாட்டில் விவசாயி தன் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கவேண்டும். மனமுவந்து போடுகிற காணிக்கை இல்லை ஐயா, சட்டம்! பத்துக் கட்டு கோதுமை அறுத்தால் ஒரு கட்டு. பத்துக் குட்டி போட்டால் ஒரு குட்டி.

அது மட்டுமா? ஒரே பாதிரியார் மூன்று ஊர், நான்கு ஊர்த் திருச்சபைப் பதவியைத் தன் பெயரில் வைத்துக்கொள்வார். நான்கு ஊர் வருமானமும் அவருக்கு வரும். ஆனால் ஒரு ஊரிலும் இருக்கமாட்டார். பூசை, ஞானஸ்நானம், கல்யாணம், சாவு இத்தனைக்கும் ஒரு ஏழை உதவிக்குருவைச் சொற்பச் சம்பளத்துக்கு வைத்துவிடுவார். பெரிய மேற்றிராணியார்களுக்கு வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பவுன் வருமானம் வந்த காலத்தில், இந்த உதவிக்குருவுக்கு நாற்பது பவுன், ஐம்பது பவுன் கிடைத்தால் பெரிய விஷயம். எண்ணூர், மணலி ஆட்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். வேலை பார்க்கிறவன் கான்ட்ராக்ட் தொழிலாளி, சம்பளம் இன்னொருத்தர் பெயரில்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இதைத்தான் வரைந்தார்கள். ஒரு பக்கம் கழுத்து எங்கே இருக்கிறது என்றே தெரியாத பெரியவர். இன்னொரு பக்கம் எலும்பும் தோலுமாக உதவிக்குரு. இரண்டு பேரும் போட்டிருப்பது ஒரே அங்கி. படிப்பது ஒரே வேதம். வயிறுதான் வேறே வேறே!

அந்தக் காலத்தில் இன்னொரு படம் ரொம்பப் பிரபலம். பாதிரியார் பன்றிக்குட்டி வாங்க வந்து நிற்கிறார். குடியானவன் குட்டியைக் கையில் பிடித்திருக்கிறான். அவன் மனைவி இடுப்பில் இருக்கிற கைக்குழந்தையை எடுத்து நீட்டுகிறாள். அவள் சொல்கிற நியாயம் என்ன? “சாமி, பத்தாவது குட்டி உங்களுக்கு என்றால், இது எனக்குப் பத்தாவது பிள்ளை. இதையும் நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. பிள்ளையை வேண்டாம் என்றால் பன்றியும் கிடையாது!” (சிரிப்பு, கைதட்டல்) பாதிரியார் பின்னால் போகிறார். இதைப் படமாகப் போட்டார்கள், பீங்கான் பொம்மையாகவும் செய்தார்கள். நாம் கொலுவில் செட்டியார் பொம்மை வைக்கிற மாதிரி, அவர்கள் அலமாரியில் பாதிரியார், பன்றிக்குட்டி, பத்தாவது பிள்ளை!

இப்போது யோசித்துப் பாருங்கள் தாய்மார்களே. அந்தப் பொம்மையை வீட்டில் வைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் நின்றுவிட்டார்களா? இல்லையே! அந்தக் குடியானவப் பெண் கடவுளைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னாளா? கணக்கு கேட்டாள். அவ்வளவுதான். பத்தில் ஒன்று என்று நீ சட்டம் பேசினால், நானும் பத்தில் ஒன்று என்று கணக்குப் பேசுவேன் என்றாள்.

இந்தப் படக்காரர்களில் தலைமகன் வில்லியம் ஹோகார்த். 1697-இல் பிறந்து 1764-இல் மறைந்தவர். 1736-இல் ‘தூங்கும் சபை’ என்று ஒரு படம் போட்டார். மேடையில் குரு பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பிரசங்கத்தை வாசிக்கிறார். கீழே அத்தனை பேரும் தூங்குகிறார்கள். அன்றைக்கு அவர் எடுத்துக்கொண்ட வேதவசனம் எது? உழைத்துக் களைத்தவர்களுக்கு இளைப்பாறுதல் தருவேன் என்று ஏசுநாதர் அழைக்கிற இடம். சபை அப்படியே இளைப்பாறிவிட்டது! (பலத்த சிரிப்பு) நடுவர் ஐயா, நீங்கள் அந்தப் பக்கம் பார்க்காதீர்கள், எதிரணி பேசும்போது நம்ம ஜனங்களும் கொஞ்சம் இளைப்பாறினார்கள்! (சிரிப்பு)

“ஆ! பார்த்தீர்களா, ஹோகார்த் நாத்திகன்” என்று எதிரணி குதிக்கும். குதிக்கவேண்டாம். லண்டனில் புனித பர்த்தலோமேயு மருத்துவமனை என்று பழைய ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. 1730-களில் அதன் படிக்கட்டுச் சுவரில் இரண்டு பிரம்மாண்டமான வேதாகம ஓவியங்களை வரைந்து கொடுத்தவர் இதே ஹோகார்த். எவ்வளவு கூலி? ஒரு காசு வாங்கவில்லை. தர்மத்துக்குப் போட்டுக் கொடுத்தார். அதில் ஒன்று நல்ல சமாரியன் கதை.

அந்தக் கதை உங்களில் பல பேருக்குத் தெரியும். திருடர்கள் அடித்துப் போட்டு ஒருவன் வழியில் குற்றுயிராகக் கிடக்கிறான். அவனைப் பார்த்தும் ஒதுங்கிப் போனவர்களில் முதல் ஆள் யார்? ஒரு குரு! நின்று காயத்தைக் கட்டியவன் யார்? யாரும் மதிக்காத சமாரியன். இந்தக் கதையைச் சொன்னவர் யார்? நாத்திகரா? ஏசுநாதர்! கடமை தவறிய குருவை முதல் முதலாகப் படம் பிடித்துக் காட்டினவர்களில் அவரும் ஒருவர் ஐயா. பக்கத்திலே இராயபுரம். இராயப்பர் பெயரால் வந்த ஊர் என்பார்கள். இராயப்பர் யார்? வலை வீசின மீனவர். ஏசுநாதர் தலைமைச் சீடரைத் தேடி எங்கே போனார்? அரண்மனைக்கா? படகுத்துறைக்குப் போனார்! (நீண்ட கைதட்டல்)

சரி. “அதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நம்ம மரபிலே குருவைக் கேலி பண்ணுகிற வழக்கம் கிடையாது” என்று எதிரணித் தலைவர் சொன்னார். ஐயா பெரியவரே, உங்களை ஒரு நாள் நான் என் செலவில் மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போகிறேன். பஸ் சார்ஜ் என்னுது, இளநீர் உங்களுது. (சிரிப்பு)

அங்கே அர்ச்சுனன் தபசு என்கிற பாறைச் சிற்பம், 90 அடி நீளத்துக்கும் மேலே இருக்கும். ஒரு தவசி ஒற்றைக்காலில் நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கடுந்தவம் செய்கிறார். விலா எலும்பு தெரிகிறது. அப்படியே வலது பக்கம் வந்து, பெரிய யானைகளுக்குக் கிட்டே கீழே குனிந்து பாருங்கள். ஒரு பூனை! அந்தத் தவசி மாதிரியே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் எலிகள். கங்கைக் கரையில் பூனை தவம் செய்வதாக நடித்து, நம்பி வந்த எலிகளைத் தின்ற கதை மகாபாரதத்திலேயே இருக்கிறது. சிற்பி அதைக் கல்லில் அடித்துவிட்டான். லண்டன் ஜன்னலுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, நம்ம கடற்கரையில் போட்ட கேலிச் சித்திரம் அது!

எங்கே அடித்தான் என்பதைக் கவனியுங்கள். உண்மையான தவமும் போலித் தவமும் ஒரே பாறையில்! தவசியைச் செதுக்கிய அதே பட்டறைதான் பூனையையும் செதுக்கியது. உண்மையான தவம் ஒன்று உண்டு என்று நம்பினால்தானே போலியைப் பார்த்துச் சிரிக்க முடியும்? தங்கத்தின் மதிப்பு தெரிந்தவன்தானே பித்தளையை உரைத்துப் பார்ப்பான்? (கைதட்டல்) அந்தப் பூனைக்குத் தமிழ்நாடு ஒரு பெயரும் வைத்துவிட்டது. ருத்திராட்சப் பூனை! எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுக்காமலே எல்லோர் வாயிலும் வருகிறதே, இது எப்படி வந்தது? ‘படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோவில்’, ‘சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான்’... இதெல்லாம் சாமி கும்பிடாதவன் சொன்ன பழமொழியா? சாமி கும்பிடப் போய் வரிசையில் நின்றவன் சொன்னது!

அந்தச் சிற்பத்தை மாமல்லன் நரசிம்மவர்மன் காலத்தது என்பார்கள். அவனுடைய அப்பா மகேந்திரவர்மன் என்ன சாதாரணமா? கோயில் கட்டின ராஜா, ஒரு சிரிப்பு நாடகமும் எழுதினான். 7-ஆம் நூற்றாண்டு. வடமொழியில், ‘மத்தவிலாசப் பிரகசனம்’. காஞ்சிபுரத்துத் தெருவில் நடக்கிற கதை. குடித்துவிட்டுத் தள்ளாடுகிற ஒரு காபாலிகர். அவருடைய கபால ஓடு காணாமல் போய்விடுகிறது. அந்தப் பக்கம் ஒரு பௌத்த பிக்கு வருகிறார். பெரிய வியாபாரி வீட்டு விருந்தை முடித்து வருகிறார். மனசுக்குள்ளே ஒரு குறை. நல்ல மாளிகை, நல்ல படுக்கை, வேளைக்குச் சாப்பாடு எல்லாவற்றையும் அனுமதித்த பெருமான், மதுவையும் மாதரையும் மட்டும் எப்படி வேண்டாம் என்றிருப்பார்? பொறாமை பிடித்த கிழட்டுப் பிக்குகள் அந்தப் பக்கத்தை ஏட்டிலிருந்து அழித்திருப்பார்களோ என்று ஏங்குகிறார்! (பலத்த சிரிப்பு)

“நீதான் என் ஓட்டைத் திருடினாய்” என்று காபாலிகர் பிக்குவைப் பிடித்துக்கொள்கிறார். நடுவே ஒரு பாசுபதர் பஞ்சாயத்துக்கு வருகிறார். கடைசியில் பார்த்தால், ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! அதனிடமிருந்து ஒரு பைத்தியக்காரன் பிடுங்கி வைத்திருக்கிறான். எல்லோரும் சமாதானமாகிப் போகிறார்கள். ராஜா யாரையும் சிறையில் போடவில்லை, சூலத்தில் ஏற்றவில்லை. சிரிக்க வைத்து அனுப்பிவிட்டான். பௌத்தரை மட்டும் இல்லை, சைவத்துக் காபாலிகரையும் பாசுபதரையும் சேர்த்தே மேடையேற்றினான். அதனாலே சைவம் அழிந்ததா? அந்த நூற்றாண்டில்தான் ஐயா அப்பர் பெருமான் ஊர் ஊராக உழவாரப்படையைத் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் புல்லைச் செதுக்கினார்! (கைதட்டல்)

அடுத்து, கல்லிலிருந்து காகிதத்துக்கு வருவோம். நம்ம நாட்டிலேயே, லண்டன் ஜன்னல் மாதிரி ஒரு தெரு இருந்தது. கல்கத்தாவில் காளிகட்டம். காளி கோயில் வாசலிலேயே பட்டுவாக்கள் என்கிற ஓவியர்கள் உட்கார்ந்து, சொற்பக் காசுக்குப் படம் விற்றார்கள். காளி படம், சிவன் படம், அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு படம். கொழுத்த பூனை ஒன்று, நெற்றியில் நாமம், வாயில் இறால்! காசிமேட்டுக்காரர்களுக்கு இந்தப் பூனையை நல்லாவே தெரியும். (சிரிப்பு) கோயில் வாசலில், கோயிலுக்கு வந்த பக்தர்களுக்கு விற்ற படம் அது. பக்தர்கள்தான் வாங்கினார்கள். சாமி படத்தையும் வாங்கினார்கள், பூனை படத்தையும் வாங்கினார்கள். ஒன்றை இன்னொன்று கெடுக்கும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

1873-இல் வங்காளத்தில் தாரகேசுவரம் கோயில் மகந்து மாதவ கிரி மேல் ஒரு வழக்கு வந்தது. எலோகேசி என்று 16 வயசுப் பெண். அவளை அந்த மகந்து கெடுத்துவிட்டார் என்பது வழக்கு. அதைக் கேள்விப்பட்ட கணவன் நபின் அந்தப் பெண்ணையே வெட்டிக் கொன்றுவிட்டான். நாடே கொந்தளித்தது. சொத்தும் செல்வாக்கும் உள்ள மகந்து தப்பித்துவிடுவார் என்றுதான் ஜனங்கள் பயந்தார்கள். நீதிமன்றம் அவருக்கு மூன்று வருஷம் கடுங்காவலும், 2000 ரூபாய் அபராதமும் போட்டது. காளிகட்டத்து ஓவியன் என்ன பண்ணினான்? மகந்து ஜெயிலில் செக்கு இழுக்கிற மாதிரிப் படம் போட்டு விற்றான். எழுத்துத் தெரியாதவனுக்கும் தீர்ப்பு தெரிந்துவிட்டது! (கைதட்டல்)

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அதே ஓவியர்கள் அந்தப் பெண் வெட்டப்படுவதையும் படமாக விற்றார்கள். செத்துப்போன பிள்ளையை வைத்து வேடிக்கை காட்டினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஹோகார்த்தும் 1762-இல் ஒரு படம் போட்டார். அதில் மெதடிஸ்ட் பிரசங்கியாரை மட்டும் இல்லை, கீழே உட்கார்ந்து அழுகிற, புலம்புகிற ஜனங்களையும் சேர்த்துக் கேலி பண்ணினார். அந்த மெதடிஸ்ட் கூட்டங்களுக்குச் சுரங்கத் தொழிலாளிகளும் கூலிக்காரர்களும் திரண்டு வந்த காலம் அது. அந்தப் படத்தையும் நான் இந்த மேடையில் ஆதரிக்கமாட்டேன். சகோதரி சொன்ன பாதி உண்மை அங்கேதான் இருக்கிறது. அழுகிறவனைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. அழுகிறவன் மடியைத் துழாவுகிறவனைப் பார்த்துத்தான் சிரிக்கவேண்டும். மேலே பார்த்துச் சிரி, கீழே பார்த்துச் சிரிக்காதே. இதுதான் எங்கள் அணியின் கோடு. (கைதட்டல்)

இப்போது எங்கள் தெருக் கதை ஒன்று. நான் சின்னப் பையன். மீன் மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெரு. எங்க ஆயா இறால் உரிக்கிற வேலைக்குப் போவாங்க. சாயங்காலம் வந்தால் விரல் நுனியெல்லாம் வெள்ளை வெளேர் என்று ஊறிப் போயிருக்கும். வெளியூரிலிருந்து ஒரு சாமியார் மாசா மாசம் வருவார். அம்பாசிடர் காரில் வருவார். விரலுக்கு ஒரு மோதிரம். “கோபுரத்துக்குப் பொன் வேயப் போறோம்” என்று வீடு வீடாகப் பணம் வாங்குவார்கள். எந்தக் கோபுரம், எந்த ஊர் என்று ஒருத்தரும் கேட்டது கிடையாது. கேட்டால் பாவம் என்று பயம். ஆயாவும் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுப்பாங்க.

ஒருநாள் விடியற்காலையில் பார்த்தால், ஐஸ் கிடங்குச் சுவரில் யாரோ கரியால் படம் போட்டிருக்கிறான். காரைவிடப் பெரிய தொப்பை, தொப்பை மேலே ருத்திராட்சம், பத்து விரலிலும் மோதிரம். கீழே குட்டி குட்டியாய்ப் பொம்பளைங்க, ஒவ்வொருத்தர் தலையிலும் இறால் கூடை. அந்தக் கூடையில் இறால் இல்லை, காசு! யார் போட்டான் என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

எங்க ஆயா பார்த்தாங்க. முதலில் ‘களுக்’ என்று சிரிச்சாங்க. சிரிச்ச உடனே பயந்து, “ஆத்தா, தாயே” என்று கன்னத்தில் போட்டுக்கிட்டாங்க. அப்புறம் மறுபடியும் திரும்பிப் பார்த்துச் சிரிச்சாங்க! (பலத்த சிரிப்பு) அந்த நடுவில் ஒரு கன்னத்தில் போட்டுக்கொண்டார்களே, அதுதான் பக்தி. அது போகவே இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றினாங்க. வடிவுடையம்மன் சந்நிதிக்கு நடந்தே போனாங்க.

ஆனால் அடுத்த மாசம் கார் வந்தது. கை நீண்டது. ஆயா முந்தானை முடிச்சைப் பிடிச்சுக்கிட்டே கேட்டாங்க: “ஏம்பா, துட்டு வாங்கறியே, ரசீது குடுப்பியா?”

அவ்வளவுதான் ஐயா! ரசீது புத்தகம் அந்தக் காரிலே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவும் கேட்டாங்க, எதிர் வீட்டிலும் கேட்டாங்க. அதுக்கு அடுத்த மாசம் கார் எங்க தெருப் பக்கமே வரவில்லை. (நீண்ட கைதட்டல்) அந்தக் கரிப் படம் எங்க ஆயாவிடமிருந்து கடவுளைப் பிடுங்கவில்லை. அவங்க கையில் ஒரு கேள்வியைக் கொடுத்தது.

நடுவர் ஐயா மணியைத் தொடுகிறார். இரண்டே நிமிஷம் ஐயா. இந்த மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் தேரடிக்காரர்கள் என்னை விடமாட்டார்கள். (சிரிப்பு)

இதோ, இந்தக் கடற்கரையில்தான் பட்டினத்தார் சமாதி. கப்பல் வியாபாரம் செய்த பெருஞ்செல்வர், கட்டின கோவணத்தோடு வெளியே வந்தவர். அவருடைய சீடர் பத்திரகிரியார், ராஜாவாக இருந்து துறவியானவர். இரண்டு பேரும் திருவிடைமருதூர் கோயில் வாசலில் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். பட்டினத்தாரிடம் ஒரு பிச்சைக்காரர் வந்து கேட்கிறார். இவர் என்ன சொன்னார் என்று கதை? “என்கிட்ட ஒண்ணுமில்லை. அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கான், அவனிடம் போய்க் கேள்!” சீடரிடம் என்ன சொத்து இருந்தது? ஒரு திருவோடு, கூடவே ஒரு நாய். அதற்கே சம்சாரி என்று பட்டம்! (சிரிப்பு) பத்திரகிரியாருக்குச் சுருக்கென்றது. அந்த ஓட்டை அப்போதே வீசி எறிந்தார். ஒரு ஓட்டுக்கும் ஒரு நாய்க்கும் அத்தனை கேலி என்றால், பட்டினத்தார் இன்றைக்கு எழுந்து வந்து, காரும் காவலாளும் வைத்திருக்கிற துறவிகளைப் பார்த்தால் என்ன சொல்வார்? நம்ம ஓவியன் கரியை அவரிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்! (பலத்த கைதட்டல்)

இன்னொன்று. “அடியார்கள் குறையை வெளியே சொன்னால் பக்தி குறையும்” என்றார்கள். இந்தத் தியாகராசர் கோயிலில்தானே சுந்தரர் சங்கிலியாரைக் கைப்பிடித்தார்? “உன்னைப் பிரியமாட்டேன்” என்று சத்தியம் செய்யவேண்டும். திருவாரூர் ஞாபகம் வந்தால் போகவேண்டியிருக்குமே என்று சுந்தரருக்கு யோசனை. இறைவனிடம் போய், “நான் சத்தியம் பண்ணும்போது நீர் சந்நிதியில் இல்லாமல் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்” என்றார். நண்பராயிற்றே, இறைவனும் சரி என்றார். சரி என்று சொல்லிவிட்டு, சங்கிலியார் கனவில் போய், “சத்தியத்தை மகிழடியில் வாங்கு” என்று சொல்லிவிட்டார்! (பலத்த சிரிப்பு) சத்தியம் அங்கேயே நடந்தது. மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், கண் போயிற்று.

தம்பிரான் தோழருக்கே விலக்கு இல்லை! சொன்ன சொல்லை நீயும் காப்பாற்று என்றார் இறைவன். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதை மறைத்தாரா? மறைத்தால்தான் பக்தி நிற்கும் என்றால் அவர்தானே முதலில் மறைத்திருக்கவேண்டும்? எழுதினார். அதனால் சுந்தரர் மேல் நமக்கு மரியாதை குறைந்ததா? இன்றைக்கும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்கு ஊரே திரண்டு வருகிறோமே!

கடைசியாக ஒரே வார்த்தை. படம் மட்டுமே சட்டத்தை மாற்றியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிரிக்கத் தெரிந்த ஊரில் கேள்வி பிறக்கிறது. கேள்வி பிறந்த ஊரில் சட்டம் வருகிறது. இங்கிலாந்தில் 1836-இல் அந்தப் பத்தில் ஒரு பங்கைப் பொருளாகப் பிடுங்குவது போய், பணமாகக் கணக்கிடும் சட்டம் வந்தது. ஒரே குரு பல ஊர்ப் பதவியைச் சுருட்டிக்கொள்வதை 1838-இல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். நம்ம சென்னை மாகாணத்தில் பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, 1925-இல் இந்து அறநிலையச் சட்டம் வந்தது. கோயில் சொத்துக்கும் மடத்துச் சொத்துக்கும் கணக்குக் காட்டு என்றது. அதற்கு என்ன அர்த்தம்? எங்க ஆயா கேட்ட ரசீதை அரசாங்கம் கேட்டது! அன்றைக்கும் “மதம் அழிந்துவிடும்” என்று கூச்சல் போட்டவர்கள் இருந்தார்கள். அழிந்ததா? கூட்டம் குறைந்ததா? ஆடிக் கிருத்திகைக்குப் போய்ப் பாருங்கள், கால் வைக்க இடமில்லை!

சகோதரியே, ஏழையின் சொத்து நம்பிக்கை என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சொத்தை அவன் உண்டியலில் போடட்டும், கோபுரத்துக்குக் கொடுக்கட்டும், தேவாலயத்துக்குக் கொடுக்கட்டும், தர்காவுக்குக் கொடுக்கட்டும். கொடுக்கிற கையைப் பார்த்து யாரும் சிரிக்கவேண்டாம். வாங்குகிற கை கணக்குச் சொல்ல மறுத்தால், சுவர் இருக்கிறது, கரி இருக்கிறது, வரைகிறவன் வரையட்டும். உண்மையான துறவிக்கு அந்தப் படத்தால் ஒரு நஷ்டமும் இல்லை; அவர் ஜாடை அதில் இருக்காது. யாருக்குக் கோபம் வருகிறதோ, அவருக்குத்தான் தெரியும் அந்த வால் யாருடையது என்று! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

ஆகவே நடுவர் அவர்களே, கேலிச் சித்திரம் பக்திக்குக் கேடு அல்ல, வாசலில் விழித்திருக்கிற காவலே என்று தீர்ப்பு வழங்கும்படி கேட்டு அமர்கிறேன். வணக்கம்.